துக்கத்தில் இருப்பவருக்கு ஆறுதல்: ஒரு எளிய கிறிஸ்தவ விளக்கம்

துக்க வீட்டுக்குப் போகும்போது வழியெல்லாம் நம்மில் பலருக்கு ஒரே யோசனைதான்: போய் என்ன சொல்வது? ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்ற பதற்றத்தில், பழகிப்போன வார்த்தைகள் வாயில் வந்து நிற்கும். "எல்லாம் நன்மைக்கே." "கர்த்தர் தமக்குப் பிரியமானவர்களைச் சீக்கிரம் அழைத்துக்கொள்வார்." "விசுவாசி அழக்கூடாது, தைரியமா இருங்க." "இதைவிடக் கஷ்டப்படுகிறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க." சொல்கிறவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். கேட்கிறவரும் தலையை ஆட்டிக்கொள்கிறார். நாம் கிளம்பிய பிறகு அந்த வார்த்தைகள் அவருக்குள் என்ன செய்கின்றன என்பது நமக்குத் தெரிவதில்லை.

சபைகளில் ஆறுதலைப் பற்றி நிறையவே பேசுகிறோம். ஆனால் பொருத்தமான ஒரு வசனத்தைத் தேடி எடுத்துச் சொல்லிவிட்டால் ஆறுதல் சொல்லியாகிவிட்டது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வேதாகமத்தை நிதானமாக வாசித்தால் அது காட்டும் ஆறுதல் வேறு மாதிரி இருப்பது தெரியும். போதகர்களையும் பயிற்சி பெற்ற ஆலோசகர்களையும் மனதில் வைத்து இதை எழுதவில்லை. நண்பரோ உறவினரோ கஷ்டத்தில் இருக்கும்போது போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்து, எப்படி என்று தெரியாமல் தயங்குகிற சாதாரண விசுவாசிக்காக எழுதுகிறேன்.

ஆறுதலின் வேலை என்ன?

கை எலும்பு முறிந்தால் மாவுக்கட்டுப் போடுகிறார்கள். அந்தக் கட்டு எலும்பை ஒட்டவைப்பதில்லை. எலும்பு உள்ளுக்குள் மெல்ல மெல்லத் தானாகத்தான் கூடுகிறது. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை முறிந்த இடம் அசையாமல் தாங்கிப் பிடித்திருப்பது மட்டுமே கட்டின் வேலை. கட்டுப் போடும் நேரத்தில் "ஏன் படியில் ஓடினாய்?" என்று கேட்டு முறிந்த இடத்தையே ஒருவர் அழுத்தினால், கேள்வி நியாயமானதாகவே இருந்தாலும் வலிதான் கூடும்.

ஆறுதலும் இப்படித்தான். "இருதயம் நொறுங்குண்டவர்களை அவர் குணமாக்குகிறார், அவர்களுடைய காயங்களைக் கட்டுகிறார்" என்று சங்கீதம் 147:3 சொல்கிறது. குணமாக்குவது கடவுளின் வேலை. நமக்குக் கொடுக்கப்பட்டது என்ன என்று கேட்டால், 1 தெசலோனிக்கேயர் 5:14 பதில் சொல்கிறது: "பலவீனரைத் தாங்குங்கள்." ஒருவருடைய துக்கத்தை ஒரே சந்திப்பில், ஒரே வாக்கியத்தில் தீர்த்துவைக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. இது புரிந்தாலே போகிறவரின் பதற்றம் பாதி குறைந்துவிடும்.

அதனால் இந்தக் கட்டுரையில் ஆறுதல் என்று நான் சொல்வது இதைத்தான்: துன்பப்படுகிறவர் தனியாக விடப்படாதபடி அவர் பக்கத்தில் இருந்து, கடவுள் அவரைக் கைவிடவில்லை என்பதை நம் வருகையாலும் உதவியாலும் வார்த்தையாலும் அவர் உணரச் செய்வது. இதில் வார்த்தை கடைசியாக வருவதைக் கவனியுங்கள்.

யோபுவின் நண்பர்கள் எங்கே சறுக்கினார்கள்?

ஆறுதலைப் பற்றி வேதாகமத்தில் மிக விரிவாகப் பேசும் நூல் யோபுவின் புத்தகம். அதில் பெரும்பகுதி, ஆறுதல் சொல்லப் போனவர்கள் எப்படித் தவறினார்கள் என்பதன் பதிவு. யோபு சொத்தை இழந்தார், ஏழு மகன்களையும் மூன்று மகள்களையும் ஒரே நாளில் இழந்தார், பிறகு உடம்பெல்லாம் புண். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று நண்பர்கள் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு, அவரவர் ஊரிலிருந்து புறப்பட்டு வந்தார்கள். தூரத்தில் பார்த்தபோது அவரை அவர்களுக்கு அடையாளமே தெரியவில்லை. சத்தமிட்டு அழுதார்கள். பிறகு ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். துக்கம் அவ்வளவு பெரிது என்று கண்டு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை (யோபு 2:11-13).

இதுவரை அவர்கள் செய்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வேலையை விட்டுவிட்டு வந்தார்கள், அழுதார்கள், தரையில் உட்கார்ந்தார்கள், வாயைத் திறக்கவில்லை. நம்மில் எத்தனை பேர் இவ்வளவு செய்வோம்?

மூன்றாம் அதிகாரத்தில் யோபு வாய் திறந்து, தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதை அவர்களால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எலிப்பாஸ் மரியாதையாகத்தான் தொடங்குகிறார். ஆனால் சில வரிகளிலேயே, குற்றமில்லாதவன் எவனாவது அழிந்தது உண்டா என்று கேட்டுவிடுகிறார் (4:7). பில்தாத் இன்னும் ஒரு படி மேலே போய், செத்துப்போன பிள்ளைகள் பாவம் செய்ததால் தண்டிக்கப்பட்டிருக்கலாம் என்கிற பேச்சை எடுக்கிறார் (8:4). பத்துப் பிள்ளைகளைப் புதைத்த தகப்பனிடம்! சோப்பாரோ, உன் அக்கிரமத்துக்கு இந்தத் தண்டனையே குறைவு என்கிறார் (11:6). கடைசியில் 22-ஆம் அதிகாரத்தில் எலிப்பாஸ் பாவங்களைப் பட்டியலே போடுகிறார்: நீ விதவைகளை வெறுங்கையாய் அனுப்பினாய், தாகத்தில் இருந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. இவற்றில் எதையும் யோபு செய்ததாக அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை. நல்லவனுக்கு நல்லது நடக்கும், கெட்டவனுக்குத்தான் கெட்டது நடக்கும் என்ற தங்கள் கணக்கு தப்பக்கூடாது என்பதற்காக, நண்பனின் வாழ்க்கையையே திருத்தி எழுதத் துணிந்துவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவர்கள் பேசியது முழுவதும் பொய்யல்ல. எலிப்பாஸின் ஒரு வாக்கியத்தை (5:13) அப்போஸ்தலர் பவுல் பிற்பாடு 1 கொரிந்தியர் 3:19-இல் வேத வாக்கியமாகவே எடுத்துச் சொல்கிறார். உண்மையான வாக்கியமும், தப்பான ஆளிடம் தப்பான நேரத்தில் போய் விழுந்தால் காயப்படுத்தும். "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று யோபு சொல்லிவிட்டார் (16:2). அதற்கும் முன்பே, நீங்கள் பேசாமல் இருந்தால் அதுவே உங்களுக்கு ஞானமாக இருக்கும் என்றும் சொல்லிப் பார்த்தார் (13:5). முடிவில் கடவுளும் நண்பர்கள்மேல்தான் கோபப்படுகிறார். கோபமாகவும் குழப்பமாகவும் பேசிய யோபுமேல் அல்ல (42:7).

இதுவரை பார்த்தது: தாங்குவது நம் வேலை, குணமாக்குவது கடவுளின் வேலை. யோபுவின் நண்பர்கள் தாங்கிக்கொண்டிருந்தவரை சரியாக இருந்தார்கள். காரணம் சொல்ல ஆரம்பித்ததும் சறுக்கினார்கள்.

காரணம் சொல்லத் துடிப்பது ஏன்?

இந்தக் கேள்விக்கு யோபுவே பதில் சொல்லியிருக்கிறார். பலரும் கவனிக்காமல் கடந்துபோகிற வசனம் இது: என் ஆபத்தைக் கண்டு நீங்கள் பயப்படுகிறீர்கள் (6:21).

நண்பர்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது பயம். ஒரு குற்றமும் செய்யாத யோபுவுக்கு இது நடக்கலாம் என்றால், நாளைக்கு எனக்கும் நடக்கலாம். அந்த நினைப்பைத் தாங்க முடியாதபோது மனம் ஒரு காரணத்தைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. "அவர் ஒழுங்காக மருத்துவரைப் பார்க்கவில்லை." "அந்த வீட்டில் ஜெபமே இல்லை." காரணம் கிடைத்ததும் நமக்கு நிம்மதி, ஏனென்றால் அந்தக் காரணம் நம் வீட்டில் இல்லை. ஆக, ஆறுதல் என்று நினைத்து நாம் சொல்லும் விளக்கங்களில் பல நம்மை நாமே தேற்றிக்கொள்வதற்காகச் சொல்பவை. துக்கத்தில் இருப்பவருக்கு அது உடனே புரிந்துவிடும். அப்புறம் அவர் நம்மிடம் மனம் திறப்பதில்லை.

இயேசுவும் இந்தக் காரணத் தேடலுக்கு இடம் கொடுக்கவில்லை. பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் கண்டு, இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் (யோவான் 9:3). சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொன்னார் (லூக்கா 13:4-5). யோபுவிடம் கடவுள் பெருங்காற்றிலிருந்து நான்கு அதிகாரங்கள் பேசுகிறார். அதிலும் "இது உனக்கு ஏன் நடந்தது" என்பதற்கு நேரடியான பதில் இல்லை.

"தெரியாது" என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். தீர்க்கதரிசியே சொல்லியிருக்கிறார். 2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தில் சூனேம் ஊர்ப் பெண் ஒருத்தி வருகிறாள். அவளுடைய ஒரே மகன் அன்று காலையில் தலைவலி என்று சொல்லி, மத்தியானம்வரை அவள் மடியில் இருந்து செத்துப்போனான். அவள் மலைக்கு வந்து எலிசாவின் கால்களைப் பிடித்துக்கொள்கிறாள். வேலைக்காரன் கேயாசி அவளை விலக்கிவிடக் கிட்டே வருகிறான். பெரியவர் காலைப் பிடிப்பது முறையில்லை என்று நினைத்திருப்பானோ என்னவோ. எலிசா தடுக்கிறார்: அவளை விடு, அவள் ஆத்துமா துக்கமாயிருக்கிறது, கர்த்தர் அதை எனக்கு அறிவிக்காமல் மறைத்துவிட்டார்.

இந்தப் பதிலை எனக்கு மிகவும் பிடிக்கும். அவள் துக்கத்தில் இருக்கிறாள் என்பது மட்டும் அவருக்குத் தெரிகிறது. மற்றது எதுவும் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் அவர் காட்டிக்கொள்ளவில்லை. தெரியவில்லையே என்பதற்காக அவளைத் தள்ளிவிடவும் இல்லை. "ஏன் இப்படி நடந்துச்சு?" என்று ஒருவர் நம்மைப் பார்த்துக் கேட்டால், "எனக்கும் தெரியலை அண்ணா, ஆனா நான் இங்கேதான் இருப்பேன்" என்பது போதுமான பதில். பெரும்பாலும் அந்தக் கேள்வி பதிலை எதிர்பார்த்துக் கேட்கப்படுவதும் இல்லை. அது ஒரு அழுகை.

ஒரே வாக்கியம், இரண்டு பதில்கள்

சரி, அப்படியானால் பேசவே கூடாதா? பேசலாம். எப்போது, யாரிடம் என்பதில்தான் ஞானம் இருக்கிறது. அதற்கு யோவான் 11-ஐவிட நல்ல பாடம் கிடையாது.

லாசரு இறந்து, கல்லறையில் வைத்து நாலு நாள் ஆகிவிட்டது. இயேசு வருகிறார். லாசருவின் சகோதரிகள் மார்த்தாளும் மரியாளும் தனித்தனியாக அவரைச் சந்திக்கிறார்கள், இருவரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: ஆண்டவரே, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரித்திருக்கமாட்டான் (வசனங்கள் 21, 32). நான்கு நாளாக அந்த வீட்டில் இதையேதான் மாறி மாறிப் பேசியிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

மார்த்தாள் அவர் வருகிறார் என்று கேள்விப்பட்டதுமே எழுந்து வழியில் போய்ச் சந்திக்கிறாள். அந்த வாக்கியத்தைச் சொன்ன கையோடு, இப்போதும் நீர் கேட்பதைத் தேவன் தருவார் என்று பேச்சைத் தொடர்கிறாள். அவளுக்குப் பேச வேண்டியிருக்கிறது. இயேசுவும் பேசுகிறார்: "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்." கிறிஸ்தவ விசுவாசத்தின் மையமான வாக்கியங்களில் ஒன்று துக்கத்தில் இருந்த ஒரு பெண்ணிடம், ஊருக்கு வெளியே வழியில் நின்றபடி சொல்லப்பட்டது.

மரியாள் அதே வாக்கியத்தைச் சொல்லி அவர் காலில் விழுகிறாள். அதற்கு மேல் அவளுக்கு வார்த்தை வரவில்லை, அழுகைதான். அவளிடம் இயேசு உயிர்த்தெழுதலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளம் கலங்கி, அவனை எங்கே வைத்தீர்கள் என்று மட்டும் கேட்கிறார். அப்புறம் கண்ணீர் விடுகிறார்.

இன்னும் சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறோம் என்பது அவருக்குத் தெரியும். புறப்படும்போதே சீஷர்களிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தார். துக்கத்தின் முடிவு தெரிந்த ஒருவர், "அழாதே, இப்போது பார்" என்று சொல்ல எல்லா உரிமையும் உள்ள ஒருவர், முதலில் அவளோடு அழுதார். அழுகிறவர்களோடு அழுங்கள் என்று ரோமர் 12:15 சொல்வது இதைத்தான். அங்கே அழுது முடித்த பிறகு வசனம் சொல்லுங்கள் என்ற அடுத்த வரி கிடையாது.

ஆகவே ஆறுதலுக்குச் சூத்திரம் இல்லை. எதிரில் இருப்பவர் மார்த்தாளாக வந்திருக்கிறாரா மரியாளாக வந்திருக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரே ஆள் காலையில் ஒரு மாதிரியும் இரவில் வேறு மாதிரியும் இருக்கலாம். மனத்துயரத்தில் இருப்பவனுக்குப் பாட்டுப் பாடுவது குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைவது போன்றது என்கிறது நீதிமொழிகள் 25:20. பாட்டில் தவறு இல்லை, நேரத்தில்தான் தவறு.

தப்பான இடத்தில் வந்து விழும் வசனங்கள்

துக்க வீடுகளில் அதிகம் கேட்கும் வசனம் ரோமர் 8:28: சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது. இதன் மேல் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. ஆனால் அந்த வசனத்துக்கு முன்னால் இருக்கும் வரிகளை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. 22-ஆம் வசனத்தில் படைப்பு முழுவதும் தவிக்கிறது. 23-இல் விசுவாசிகளாகிய நாமும் உள்ளத்தில் தவிக்கிறோம். 26-இல் ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார். இத்தனை தவிப்பையும் கடந்துதான் பவுல் 28-க்கு வருகிறார். நடந்த சம்பவமே நல்லது என்றும் அவர் சொல்லவில்லை. கெட்டதையும் கடந்து கடவுள் தம் நோக்கத்தை நிறைவேற்றுவார் என்கிறார். துன்பத்துக்குள் நிற்கிறவர் தானாகவே வந்து சேரும்போது இந்த வசனம் பாறைபோல் தாங்கும். வெளியில் நிற்கிறவர் அவசரமாக எடுத்து நீட்டினால், "இதுக்குப் போய் ஏன் அழறீங்க?" என்பதுபோல் ஒலிக்கும்.

"தாங்க முடியாததைக் கடவுள் தரமாட்டார்" என்பது இன்னொன்று. 1 கொரிந்தியர் 10:13-ஐ மனதில் வைத்துச் சொல்வார்கள். அந்தப் பகுதி விக்கிரக வழிபாடு, இச்சை போன்ற சோதனைகளில் விழாமல் நிற்பதைப் பற்றியது. துன்பத்தைப் பற்றி அதே பவுல் அதே சபைக்கு எழுதியது என்ன தெரியுமா? ஆசியாவில் எங்களுக்கு வந்தது எங்கள் பலத்துக்கு மிஞ்சிய பாரம். பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது (2 கொரிந்தியர் 1:8). ஒரு அப்போஸ்தலரே "என்னால் முடியவில்லை" என்று எழுதியிருக்கும்போது, உடைந்துபோன ஒரு தாயிடம் "உன்னால் தாங்க முடியும் என்பதால்தான் இது வந்தது" என்று சொல்வது கொடுமை.

மூன்றாவது, விசுவாசி துக்கப்படக் கூடாது என்ற எண்ணம். 1 தெசலோனிக்கேயர் 4:13-இல் பவுல் சொல்வது, நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கப்படாதீர்கள் என்று. இங்கே நம்பிக்கை என்பது கிறிஸ்து உயிர்த்தெழுந்ததால் அவருக்குள் மரித்தவர்களும் எழுவார்கள் என்ற எதிர்பார்ப்பு. அது துக்கத்துக்குள் ஒரு வெளிச்சம் வைக்கிறதே தவிர, துக்கத்தைத் தடை செய்வதில்லை. 1542 செப்டம்பரில் மார்ட்டின் லூத்தரின் மகள் மக்தலேனா 13 வயதில் இறந்துபோனாள். அவள் நல்ல இடத்துக்குப் போனதற்கு நானும் என் மனைவியும் நன்றி சொல்ல வேண்டும்தான், ஆனால் விம்மாமலும் மனம் புலம்பாமலும் எங்களால் அதைச் செய்ய முடியவில்லை என்ற பொருளில் லூத்தர் தன் நண்பருக்கு எழுதினார். உயிர்த்தெழுதலை வாழ்நாள் முழுக்கப் பிரசங்கித்தவர் அவர்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, "அந்த இடத்தைக் கடவுள் நிரப்புவார்" என்ற வாக்கியம். தீட்ரிக் போன்ஹோஃபர் என்ற ஜெர்மானியப் போதகர் 1943 கிறிஸ்துமஸ் சமயத்தில் பெர்லின் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் இதை நேரடியாகவே மறுக்கிறார். நேசித்தவரின் இடத்தை எதுவும் ஈடுகட்டாது, கடவுளும் அதை நிரப்புவதில்லை, அந்த இடத்தை வெறுமையாகவே வைத்திருக்கிறார், அதனால்தான் வலியோடாவது அந்த உறவு நீடிக்கிறது என்பது அவர் கருத்து. மனைவியை இழந்த ஒருவரிடம் "சீக்கிரம் பழகிடும்" என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

சுருக்கமாக: வசனங்கள் உண்மை. அவற்றை அழுகையை நிறுத்தும் கருவியாக எடுத்துக்கொள்வதுதான் பிரச்சினை.

புலம்பலுக்கு இடம் கொடுங்கள்

துக்கத்தில் இருப்பவர் சில சமயம் கடவுள்மேலேயே கோபமாகப் பேசுவார். நமக்குத் தூக்கிவாரிப் போடும். உடனே கடவுளுக்காக வாதாட வேண்டும்போல் இருக்கும். பொறுங்கள். வேதாகமத்தில் இதற்கு ஒரு பெயரே உண்டு: புலம்பல். கடவுளை விட்டு விலகிப் போகாமல், வலியையும் கேள்வியையும் கோபத்தையும் கடவுளிடமே கொண்டுபோய்க் கொட்டும் ஜெபத்தைத்தான் புலம்பல் என்கிறோம். 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த வகை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்கும் 13-ஆம் சங்கீதம் ஆறே வசனங்களில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடுகிறது. 88-ஆம் சங்கீதம் அப்படித் திரும்புவதே இல்லை. சிநேகிதனும் தோழனும் தூரமாய்ப் போய்விட்டார்கள் என்ற முறையீட்டோடு முடிந்துவிடுகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. சிலுவையில் இயேசு எடுத்துக்கொண்டதும் ஒரு புலம்பல் வரியைத்தான்: என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?

எனவே ஒருவர் "கடவுள் எங்கே போனார்?" என்று கத்தினால், அவர் விசுவாசத்தை இழந்துவிட்டார் என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். அவர் இன்னும் கடவுளோடுதான் பேசிக்கொண்டிருக்கிறார்.

நாம் கொடுக்கும் ஆறுதல் எங்கிருந்து வருகிறது?

2 கொரிந்தியர் 1:3-4 இதன் இயக்கத்தைச் சொல்கிறது. கடவுள் சகலவிதமான ஆறுதலின் தேவன். நம் துன்பங்களில் அவர் நம்மைத் தேற்றுகிறார். அப்படிப் பெற்ற ஆறுதலைக் கொண்டு நாம் எந்தத் துன்பத்தில் இருப்பவரையும் தேற்ற முடிகிறது. "எந்த" என்று இருப்பதால், பிள்ளையை இழந்தவரைத் தேற்ற நாமும் பிள்ளையை இழந்திருக்க வேண்டியதில்லை. கைமாறிப் போவது நாம் பெற்ற ஆறுதல். "எனக்கும் இப்படித்தான் ஆச்சு" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் நம் கதையைச் சொல்லிவிட்டு வருவதற்கு இந்த வசனத்தைத் துணைக்கு அழைக்க முடியாது.

அந்த ஆறுதல் பெரும்பாலும் ஆள் வழியாகவே வருகிறது. மக்கெதோனியாவில், வெளியே போராட்டமும் உள்ளே பயமுமாக இருந்தபோது கடவுள் தன்னை எப்படித் தேற்றினார் என்று பவுல் எழுதுகிறார்: தீத்து வந்ததினாலே (2 கொரிந்தியர் 7:5-6). மூன்றாம் வானம்வரை எடுத்துக்கொள்ளப்பட்ட அனுபவம் உள்ள மனிதருக்கும், அந்த நேரத்தில் ஒரு நண்பன் வந்து சேர வேண்டியிருந்தது.

சரி, போய் என்ன செய்வது?

முதலில் தீர்க்கதரிசி எலியாவின் கதை. அவர் சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார் (1 இராஜாக்கள் 19). தேவதூதன் வந்து அவரைத் தொட்டு எழுப்பி, சாப்பிடச் சொல்கிறான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்குகிறார். தூதன் இரண்டாம் முறை தொட்டு, சாப்பிடு, நீ போக வேண்டிய தூரம் அதிகம் என்கிறான். "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி 40 நாள் கழித்து ஓரேப் மலையில்தான் வருகிறது. முதலில் சாப்பாடு, தூக்கம், தொடுதல். பேச்செல்லாம் பிறகு.

இதை அப்படியே நம் நடைமுறைக்குக் கொண்டுவரலாம். "எதுவும் வேணும்னா சொல்லுங்க" என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்று யோசித்து, கூச்சத்தை விட்டு, போன் செய்து கேட்கிற வேலையை அது துக்கத்தில் இருப்பவர் தலையிலேயே கட்டுகிறது. "நாளைக்குக் காலையில் பிள்ளைகளை நான் பள்ளியில் விட்டுடறேன் அக்கா, எட்டு மணிக்கு வரட்டுமா?" என்றால் அவர் "சரி" என்ற ஒரு சொல் சொன்னால் போதும். தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே காத்திருப்பவருக்கு ஒரு போன் சார்ஜரும் இரண்டு மணி நேரம் கண் அசர ஒரு மாற்று ஆளும் பெரிய உதவி. இறப்புச் சான்றிதழ், காப்பீட்டுப் படிவம், வங்கிக் கணக்கு என்று அலைய வேண்டியவற்றில் கூடப் போகலாம்.

பேசுவதாக இருந்தால் இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். நினைவுபடுத்தினால் வலிக்குமே என்று நாம் தவிர்க்கிறோம். அவர்கள் ஒரு நொடியும் மறந்திருக்கவில்லை. குறுஞ்செய்தி அனுப்பினால் "பதில் போட வேண்டாம்" என்று சேர்த்துவிடுங்கள். ஜெபிக்கும் முன் "இப்போ ஜெபிக்கட்டுமா?" என்று கேளுங்கள், நாலு வரியில் முடியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு அவருக்கே பிரசங்கம் செய்யும் ஜெபங்களும் உண்டு. பாவம், அவரால் எழுந்துபோகவும் முடியாது.

ஒன்றுமே செய்ய முடியாத இடங்களும் வரும். கெத்செமனேயில் இயேசு தம் மூன்று நண்பர்களிடம் கேட்டது, என்னோடு விழித்திருங்கள் என்பது மட்டுமே. அவர்கள் தூங்கிவிட்டார்கள். 1967-இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், மரணத்தை நெருங்குகிறவர்களைப் பராமரிக்கும் தன் பணிக்கு இந்த வேண்டுகோளையே அடிப்படையாக எடுத்துக்கொண்டார். செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் மருத்துவராகவும் இருந்தவர் அவர். வலி குறைப்பதில் அவருக்கு இருந்த அக்கறைக்குக் குறைவே இல்லை. அதற்குப் பிறகும் மிஞ்சும் வேதனையின் பக்கத்தில் இருப்பதும் பராமரிப்புதான் என்று அவர் புரிந்துவைத்திருந்தார்.

இன்னொன்று, காலம். முதல் வாரம் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். மூன்றாவது மாதம் யாரும் இருக்கமாட்டார்கள். நாட்காட்டியில் இறந்த நாளையும் அவருடைய பிறந்தநாளையும் குறித்துவைத்துக்கொண்டு அன்றைக்கு ஒரு போன் செய்யுங்கள்.

தாங்குவதற்கும் எல்லை உண்டு

ஒருவர் சாக வேண்டும்போல் இருக்கிறது என்று பேசினால், அதை விசுவாசக் குறைவு என்று கண்டிக்க வேண்டாம், சும்மா சொல்கிறார் என்று விடவும் வேண்டாம். "உயிரை விட்டுடலாம்னு யோசிக்கிறீங்களா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாமல் உடனே மருத்துவ உதவிக்கு அழைத்துப்போங்கள். வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருப்பவரிடம் பொறுமையையும் மன்னிப்பையும் பற்றிப் பேசுவது ஆறுதலாகாது. அவருக்கு முதலில் பாதுகாப்பான இடம் வேண்டும்.

ஏற்கெனவே தப்பாகப் பேசிவிட்டிருந்தால்?

இதை வாசிக்கும்போது, யாரிடமோ நீங்கள் சொன்ன ஒரு வாக்கியம் இப்போது உறுத்தலாம். பெரும்பாலானவர்கள் இந்த உறுத்தலில் அந்த வீட்டுப் பக்கம் போவதையே நிறுத்திவிடுவார்கள். அதனால் அவருக்கு இழப்பு இரட்டிப்பாகிறது.

யோபுவின் நண்பர்களிடம் கடவுள் சொன்னது, இனி அவன் பக்கம் போகாதீர்கள் என்றல்ல. என் தாசனாகிய யோபுவிடம் போங்கள், அவன் உங்களுக்காக வேண்டுதல் செய்வான் என்றார் (42:8). போனார்கள், யோபு வேண்டிக்கொண்டார். யாரைப் பாவி என்று தீர்த்துக் கட்டினார்களோ அவருடைய ஜெபம் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

திரும்பிப் போங்கள். நீளமாக விளக்க வேண்டாம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன் என்று நியாயப்படுத்தவும் வேண்டாம். "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, மன்னிச்சிடுங்க" என்பது போதும். "பரவாயில்லை" என்று அவர் சொல்லும்வரை காத்து நிற்க வேண்டியதும் இல்லை. அவர் பேச விரும்பினால் உட்கார்ந்து கேளுங்கள். விரும்பாவிட்டால் அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சொன்னபடி போங்கள்.